முன்வரிசையில் ஆள் இல்லாத ஆலயம்

நோர்டால் லுத்தரன் ஆலயம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது, கூரோ சபை முன்னால் பாவ அறிக்கை செய்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கட்டடம் முழுவதும் எழும்பவில்லை. பலிபீடம் இருக்கும் கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு விரல்கடை அளவுக்கு அஸ்திவாரக் கல்லை விட்டு மேலே வந்திருந்தது. வாசல் இருக்கும் மேற்குப் பக்கம், கீல் வைத்த பெட்டி மூடி மாதிரி, தரையோடு ஒட்டியே இருந்தது. அந்த வாரம் கோதுமை விலை இறங்கியிருந்ததால் ஆண்கள் ஆராதனை முடிந்து வெளியே நின்று அதைத்தான் பேசினார்கள். இடைவெளியை முதலில் பார்த்தவை கோழிகள். அடுத்த ஞாயிறு அதற்குள் இரண்டு முட்டை கிடந்தன.

கூரோ அப்போது தோலெஃப் பாக்கனின் பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்த பெண். நார்வேயிலிருந்து அமெரிக்காவின் டக்கோட்டாச் சமவெளிக்குத் தனியாகக் கப்பலேறி வந்தவள். அப்பா அம்மா என்று அருகில் யாருமில்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் சபைச் சங்கம் கூடியது. அந்தக் காலத்தில் நம்மவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தவறிய பெண், பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி தன் பாவத்தைச் சொல்ல வேண்டும். போதகர் அவள் தலையில் கை வைத்து மன்னிப்புக் கூறுவார். கூரோ உட்கார்ந்தாள், நின்றாள், சொன்னாள். பழைய போதகர் கை வைத்து மன்னித்தார். பிள்ளையின் தகப்பன் யார் என்று கேட்டபோது மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் தோலெஃபின் மகன் எமில் உட்கார்ந்திருந்தான். அவனாகவே எழுந்து நிற்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் என்று நோர்டாலில் தெரியாதவர் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நம்மவர்களைப் போல ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அந்த பெஞ்சில் உட்கார யாரும் முன்வரவில்லை. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமோ என்று இரண்டாம் வரிசையும் காலியானது. பெண்கள் பின்னால் போனதைப் பார்த்து ஆண்களும் பின்னால் போனார்கள். பின்வரிசைக்கு ஆசைப்படுவது லுத்தரன்களுக்கு இரத்தத்திலேயே உள்ளது என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். நோர்டாலில் அது ஆசை அல்ல, பயம். கூரோவுக்குப் பின்வரிசையில்கூட இடம் கிடைக்கவில்லை. அவள் உட்கார்ந்தால் அந்த வரிசையே நகர்ந்துகொள்ளும். அதனால் வாசலருகில் கணப்புக்கான விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். குழந்தை பிறந்த பிறகும் அங்கேதான். பெரிட் என்று பெயர் வைத்தாள். அந்தப் பெண் வேதவசனம் கற்றதும், பாட்டுக் கற்றதும், குளிரில் தூங்கிப்போனதும் எல்லாம் அந்த விறகுப் பெட்டி மேல்தான்.

வருஷத்துக்கு வருஷம் காலி வரிசைகள் கூடின. கிழக்குப் பக்கமும் கூடக்கூட எழும்பியது. முழங்கால் உயரம் வந்ததும் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: கவனிக்கப்பட்டது, மேல் நடவடிக்கை அடுத்த கூட்டத்தில். இடுப்பு உயரம் வந்தபோது திருவிருந்து வாங்கப் போகும் கிழவர்கள் பெஞ்சு முனைகளைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. கணப்புக் குழாயை நீட்டினார்கள். புதிதாக வந்த போதகர் ஃபோஸ்மார்க், மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர், மேலே நின்றுகொண்டு வழுக்கிவிடாமல் இருக்க பலிபீடத்தை ஒரு கையால் பிடித்தபடி பிரசங்கித்தார். "பிரசங்கம் எப்படியும் தலைக்கு மேலதானே போவுது, இப்ப ஆளும் மேல போயிட்டார்" என்று ஆகோத் பாக்கன் சொல்ல, பெண்கள் காபி கோப்பைக்குள் சிரித்தார்கள். ஆகோத் தோலெஃபின் மனைவி. சிரிக்க வைப்பாள், ஆனால் கூரோ இருக்கும் பக்கம் திரும்பமாட்டாள்.

எடை வைத்துப் பார்த்தார்கள். முன்வரிசைகளில் கோதுமை மூட்டைகளை அடுக்கினார்கள். அங்கே வைத்ததும் மூட்டைகள் பஞ்சாகிவிட்டன, ஒரு சிறுமி ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினாள். கற்களைப் போட்டார்கள், கற்களும் அப்படியே. வழியே போன சுவீடன்காரன் ஒருவனை அழைத்து உட்கார வைத்தார்கள். அவன் நன்றாகத் தூங்கினான், ஆலயம் அசையவில்லை. "சுவீடன்காரனுக்கு என்ன எடை இருக்கும்?" என்று நார்வேக்காரர்களின் வழக்கமான இளக்காரத்தோடு சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கதிரடிக்கும் நீராவி எந்திரத்தைக் கொண்டுவந்து கிழக்குச் சுவர் ஓரமாக நிறுத்தி, இரண்டு பெரிய சங்கிலிகளால் ஆலயத்தின் உத்தரத்தை அதோடு கட்டினார்கள். காற்றடிக்கும் நாட்களில் அந்தச் சங்கிலிகள் இழுபட்டு முனகுவது ஊருக்கே கேட்கும். சமவெளியில் காற்றடிக்காத நாள் எது? பெருங்காற்று பிடித்தால் ஆலயத்தை ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் எதற்காக என்று சொல்ல வேண்டியிருக்குமே.

பெரிட்டுக்குத் திடப்படுத்தல் வயது வந்தது. பிள்ளைகள் ஞானோபதேச வினாவிடை முழுவதையும் மனப்பாடம் செய்து, சபை முன்னால் வரிசையாக நின்று, போதகர் கேட்கக் கேட்கப் பதில் சொல்லும் நாள் அது. வரிசையிலும் ஒரு முறை உண்டு. நன்றாகத் தெரிந்த பிள்ளை முதலில், அடுத்தது அடுத்ததாக. 'ஆலயத்தில் முதலாவதாக நின்றவள்' என்ற பேர் ஒரு பெண்ணுக்குச் சாகும்வரை கூட வரும். கடைசியில் நின்றவளுக்கும் அப்படியே. திடப்படுத்தப்படாதவளுக்குத் திருவிருந்து இல்லை, கௌரவமான வீட்டில் வேலை இல்லை, நல்ல இடத்தில் கல்யாணமும் இல்லை. பெரிட்டுக்கு வினாவிடை முழுவதும் தலைகீழாகத் தெரியும். ஊராருக்குத் துணி துவைத்தும், அறுவடை ஆட்களுக்குச் சமைத்துப் போட்டும் வளர்த்த மகள் ஒரு நாளாவது முதல் இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தவிரக் கூரோ இந்த உலகத்தில் வேறு எதையும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு மாலை தோலெஃப் பாக்கனும் போதகரும் கூரோவின் மண்கட்டி வீட்டுக்கு வந்தார்கள். அவள் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள். நம்மவர்களிடம் மூன்று முறை கேட்க வேண்டும். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் முறை, சரி பாதிக் கோப்பை என்பதுதான் மரியாதை. கூரோ ஒரே முறை கேட்டுவிட்டுக் காபிப் பானையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். போதகரின் முகம் சிவந்தது.

"சுத்தி வளைக்காம சொல்லிடுறேம்மா" என்றார் தோலெஃப். "அன்னைக்கு நீ முன்னால உட்கார்ந்திருந்தப்ப கோயில் தரையில இருந்துச்சு. நீ எழுந்து பின்னால போனப்புறம்தான் எழும்புச்சு. பாவத்துக்கு எடை இருக்கு. அந்த எடை அது இருந்த இடத்துல இருக்கணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ அங்க வந்து உட்கார்ந்தா, பொண்ணுக்குத் திடப்படுத்தல் கொடுக்குறதுல சங்கத்துக்கு ஆட்சேபணை இல்ல."

"எந்த இடத்துல நிக்க வைப்பீங்க?"

"கடைசியில."

கூரோ போதகர் பக்கம் திரும்பினாள். "போதகரய்யா, நீங்க சொல்லுங்க. பிள்ளைங்கள்ல யாருக்கு நல்லாத் தெரியும்?"

"பெரிட்டுக்குத்தான்" என்றார் அவர், மேசையைப் பார்த்து.

"அப்புறம் என்ன?"

தோலெஃப் தொப்பியை எடுத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லு. காத்து பலமாகுற காலம் வருது."

"எடைக்கு ஆள் வேணும்னா உங்க வீட்டுல ஆளா இல்ல, பெரியவரே?" என்று கூரோ அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டாள். தோலெஃபின் கழுத்து விறைத்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு, படுக்கையில் உட்கார்ந்திருந்த பெரிட் சொன்னாள்: "கடைசியில நின்னா என்னம்மா? பதில் அதே பதில்தான். ஆனா நீ போய் அந்த பெஞ்சுல உட்காராத. உட்கார்ந்தா நான் வாயே திறக்கமாட்டேன்." மகளுக்கு இவ்வளவு ரோஷம் எங்கிருந்து வந்தது என்று கூரோவுக்குத் தெரியும், தன்னிடமிருந்துதான், அதைத் தான் இத்தனை வருஷமாகப் பயன்படுத்தவே இல்லை என்றும் தெரியும். அறுவடை முடியும்வரை அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போதகர் தன் வாழ்நாளின் முதல் பொய்யாக, கூரோ சம்மதித்துவிடுவாள் போலத் தெரிகிறது என்று சங்கத்தில் சொல்லி, பெரிட்டின் பேரை வரிசையின் கடைசியில் சேர்த்துவிட்டார்.

திடப்படுத்தல் ஞாயிறன்று விடிவதற்கு முன்பே வடமேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. ஆராதனைக்கு யாரும் வராமல் இருக்கவில்லை. வழக்கமாக வராதவர்கள்கூட வந்தார்கள். கூரோ எங்கே போய் உட்காருவாள் என்று பார்க்கத்தான். அவள் கறுப்பு உடையில் உள்ளே வந்தாள், எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள், அவள் நேராக விறகுப் பெட்டிக்குப் போய் அதன் மேல் உட்கார்ந்தாள். பெஞ்சுகளிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. வெளியே சங்கிலிகள் முனகின. மேலே, ஒரு ஆள் உயரத்தில், பிள்ளைகள் பலிபீடத்தின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முதல் இடத்தில் தோலெஃபின் தம்பி பேத்தி ஓலீனா. கடைசி இடத்தில், ஜன்னல் ஓரமாக, பெரிட்.

போதகர் பத்துக் கட்டளைகளில் தொடங்கினார். ஓலீனா முதல் சில கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னாள். போதகர் பாவ மன்னிப்பைப் பற்றிக் கேட்கவும் முதல் சங்கிலி அறுந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். தரை ஒரு முழம் துள்ளியது. பாட்டு எண் எழுதிய பலகை சுவரிலிருந்து கழன்று சறுக்கிக்கொண்டே பின்வரிசை வரை வந்தது. ஓலீனா அழ ஆரம்பித்தாள். போதகருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதே கேள்வியை அடுத்த பிள்ளையிடம் கேட்டார், அதற்கு அடுத்த பிள்ளையிடம் கேட்டார். பற்கள் கிட்டித்துப்போய் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. கேள்வி வரிசை முழுக்கக் கடந்து பெரிட்டிடம் வந்து நின்றது.

"போதகர் மன்னிச்சாச்சுன்னு சொன்னா பரலோகத்துலயும் மன்னிச்சாச்சு" என்றாள் பெரிட், காற்றை மீறிக் கேட்கும்படி. "அப்புறம் அதைத் திருப்பி எடுத்து வெச்சுக்க யாருக்கும் அதிகாரம் இல்ல. சங்கத்துக்கும் இல்ல." கடைசி இரண்டு சொற்கள் வினாவிடையில் கிடையாது.

இரண்டாவது சங்கிலி அப்போது அறுந்தது. கிழக்குப் பக்கம் தடையில்லாமல் மேலே போனது. மேற்குச் சுவரில் விரிசல் ஓடியது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். பிள்ளைகள் கம்பியில் தொங்கினார்கள். "என் பிள்ளை அங்க இருக்கு!" என்று ஒரு தாய் அலறினாள். அலறினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் கூரோவையே பார்த்தார்கள். "போம்மா! போய் உட்காரு! பிள்ளைங்க செத்துப்போகும்!" என்று யாரோ கத்தினார்கள். கூரோவுக்கு அவர்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் மேலே தொங்குவது தன் பிள்ளை. அவள் எழுந்தாள். பெஞ்சு முனைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, கூரையில் ஏறுவது போல ஏறினாள். "வேண்டாம்மா!" என்றாள் பெரிட். கூரோ போய், பதினைந்து வருஷமாக ஊரார் யாரும் உட்காராத அந்த முதல் பெஞ்சின் தூசி மேல் உட்கார்ந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆலயம் மேலே போய்க்கொண்டே இருந்தது. அவள் உட்கார்ந்ததையே அது கண்டுகொள்ளவில்லை. கூரோ தன் கைகளைப் பார்த்தாள். அவை மடியில் இறகு போலக் கிடந்தன. அன்று இந்த இடத்தில் பழைய போதகரின் கை தலையில் பட்டபோதே எல்லாம் போய்விட்டது, இத்தனை வருஷமாகத் தன்னிடம் இருப்பதாக நினைத்துச் சுமந்தது வெறும் ஊர்ப் பேச்சு என்று அவளுக்குப் புரிந்தது. வந்தது சந்தோஷமா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அவள் பெஞ்சைப் பிடித்தபடி பின்பக்கம் திரும்பினாள்.

"பார்த்துட்டீங்களா? என்கிட்ட எடை இல்ல. என்னோடத அன்னைக்கே மன்னிச்சாச்சு. யார்கிட்ட இன்னும் இருக்கோ அவங்க வாங்க. சீக்கிரம் வாங்க!"

பிறகு பெண்கள் பக்கத்தில் பருத்த உருவம் ஒன்று எழுந்தது. ஆகோத் பாக்கன். பெஞ்சுக்குப் பெஞ்சு மூச்சுவாங்க ஏறி வந்து கூரோவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆலயம் எழும்புவது நின்றது. "எம்மவன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள் கூரோவைப் பார்க்காமல். "முதல் நாள்லேர்ந்தே தெரியும்." அதன் பிறகு அலறிய தாய் வந்தாள். கூரோ உட்கார்ந்ததும் வரிசையைக் காலி செய்த பெண்கள் வந்தார்கள். ஆண்கள் தங்கள் பக்கத்து முன்வரிசைகளுக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் உட்காரும்போதும் தரை ஒரு சாண் இறங்கியது. என்ன பாவம் என்று யாரும் கேட்கவில்லை. சிலர் உட்கார்ந்தபோது சாணுக்கும் மேலாகவே இறங்கியதை மட்டும் எல்லோரும் மனதில் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் பின்னால் மிஞ்சியது தோலெஃபும் எமிலும். எமில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலையில் நரை வந்திருந்தது. அவன் எழுந்தான். தோலெஃப் அவன் கைச்சட்டையைப் பிடித்தார்.

"உட்காருடா."

"விடுங்கப்பா. இத்தனை வருஷம் உட்கார்ந்துதானே இருந்தேன்."

ஒரு ஆண், பெண்கள் பக்கத்தில் கால் வைப்பதை நோர்டால் அன்றுதான் பார்த்தது. எமில் முதல் பெஞ்சுக்கு வந்து, பலிபீடத்தைப் பார்த்து நின்று, "அந்தப் பிள்ளை என் பிள்ளை" என்றான். உட்கார்ந்தான். ஆலயம் இரண்டு முழம் இறங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆனாலும் அஸ்திவாரத்தில் படவில்லை. எல்லோரும் திரும்பித் தோலெஃபைப் பார்த்தார்கள். அவர் காலி பெஞ்சுகளுக்கு நடுவில், தொப்பியை இரு கைகளாலும் பிசைந்தபடி, அத்தனை பெரிய மனிதர் ஒரு விறகுக் கட்டை மாதிரி இருந்தார். பிறகு நடந்து வந்தார். முதல் பெஞ்சில் இடமில்லை. அவர் கூரோவின் முன்னால் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி உட்காரும்மா" என்றார்.

நோர்டாலில் அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க யாருக்கும் தெரியாது. கூரோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவசரப்படவில்லை, பிள்ளைகள் இன்னும் கம்பியைப் பிடித்திருந்தும் அவசரப்படவில்லை. பிறகு நகர்ந்துகொண்டாள். தோலெஃப் உட்கார்ந்தார். ஆலயம் அஸ்திவாரத்தில் உட்கார்ந்த சத்தம் பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர்களுக்கே கேட்டதாம்.

போதகர் ஃபோஸ்மார்க் பலிபீடத்திலிருந்து கையை எடுத்தார். வரிசையின் கடைசிக்குப் போய், பெரிட்டின் தோளைப் பிடித்து, எல்லோரும் பார்க்க முதல் இடத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தினார். ஓலீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானாகவே ஒரு அடி நகர்ந்து இடம் விட்டாள். போதகர் வினாவிடையை முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பெரிட் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கூரோ அழுதாள், ஒளித்துக்கொள்ளாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள்.

எமில் அந்தக் குளிர்காலத்தில் கூரோவைப் பெண் கேட்டு வந்தான். "வேண்டாம். அன்னைக்கு சபை முன்னால நான் அவ்வளவு நேரம் நின்னுட்டு இருந்தப்ப வந்திருக்கணும்" என்றாள். பெரிட்டின் படிப்புக்கு அவன் செய்ததை மட்டும் தடுக்கவில்லை. பெரிட் ஆசிரியையாகி மின்னசோட்டாவுக்குப் போனாள். போகும் இடமெல்லாம் முதலாவதாக நின்றவள் என்ற பேரும் கூடப் போனது. பகிரங்கப் பாவ அறிக்கை என்ற வழக்கத்தைச் சங்கம் ரத்து செய்யவில்லை; அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. கூரோ அடுத்த ஞாயிறே கடைசி வரிசைக்குப் போய், நடுவில், இரண்டு பெண்களுக்கு இடையில் உட்கார்ந்தாள். யாரும் நகரவில்லை. ஒருத்தி பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். பின்வரிசையில் உட்காருவதில் இவ்வளவு சுகம் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போதும் சில ஞாயிறுகளில், ஆராதனையின் நடுவில், தரை லேசாக எழும்பும். போதகருக்கு வைத்த கோப்பையில் தண்ணீர் சாய்வதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. சற்று நேரத்தில் யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து, முன்னால் போய் உட்காருவார். தரை இறங்கிவிடும், பிரசங்கம் தடைபடாது. ஒருமுறை எவ்வளவு நேரமாகியும் யாரும் எழவில்லை. அன்று போதகர் ஃபோஸ்மார்க் பேச்சைப் பாதியில் நிறுத்தி, பிரசங்க பீடத்திலிருந்து இறங்கிவந்து, முதல் பெஞ்சில் தாமே உட்கார்ந்தார். தரை இறங்கியது. கடைசி வரிசையிலிருந்து கூரோ, அவர் மறுபடி ஏறும்வரை சபை சும்மா இருக்க வேண்டாமே என்று, பாட்டை எடுத்துக் கொடுத்தாள்.